அம்மா சொல்லச் சொன்னது

ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கடல் கடந்து வந்த இந்த ஊரில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. மூக்கைத் தவிர மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓய்வு பெற்ற பிறகாவது இரவில் தூங்குகிறாரா, இல்லை இன்னும் கோட்டான் மாதிரி விழித்துக்கொண்டிருக்கிறாரா?

வானொலியில் எனக்கென்று ஒரு நிகழ்ச்சி கொடுத்துவிட்டார்கள். அடுத்தவர் நிகழ்ச்சிக்கு ரெக்கார்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் இனி நானே பேசப்போகிறேன். மாதம் ஒரு புதன்கிழமை மதியம், அரை மணி நேரம். எழுபதுகளில் வந்த ராக், பாப் ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவை, தடவைக்கு ஒன்று. சில மாதம் விட்டுப் பார்ப்பார்கள். கேட்க ஆள் இருந்தால் தொடரும், இல்லையென்றால் பழையபடி அலமாரித் தூசிதான்.

எனக்குப் பிடித்தது என்று எதை எடுத்தாலும் அது உனக்குப் பிடித்ததாகத்தான் இருக்கிறது அம்மா. அட்டை கிழிந்தது, மூலை மடங்கியது என்று, நீ வேலை பார்க்கும் ரெக்கார்டுக் கடையிலிருந்து பாதி விலைக்குக் கொண்டுவந்ததைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான். வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக அட்டைப் படத்தைப் பார்த்து நாம் வைத்தோமே, ஏணி, நீல நாற்காலி, கோட்டுக்காரன், அதுதான் இன்னும் என் நாக்கில் முதலில் வருகிறது. நாளிதழ் அச்சகத்தில் ராத்திரி வேலை முடித்து வந்து அப்பா பகலில் தூங்கும்போது நீ தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிக்கொள்வாய். இந்தப் பக்கம் நான். இரண்டு பல்லிகள்.

ஒவ்வொரு ஆல்பத்தையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. "என் அம்மா சொல்வது" என்று சொல்லியே வாசிப்பேன். முதலில் ஏணி.

உங்கள் மகள்


ஜனவரி 25

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. இங்கு எல்லோரும் சுகம். முழங்கால் பழையபடிதான். அம்மா குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. பேனா பிடிக்க முடியாததால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

ஏணி நல்ல ரெக்கார்டு. மொத்தம் ஒன்பது பாட்டுகள். பாடியவர் நன்றாகப் பாடியிருக்கிறார். டிரம்ஸ் பலமாக இருக்கிறது. அட்டையில் ஏணி ஒரு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அச்சு சுத்தம். மஞ்சள் நிறம் மட்டும் ஒரு நூல் விலகியிருக்கிறது.

இவ்வாறு அம்மா சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பிப்ரவரி 10

அன்புள்ள அம்மா,

கை எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை பிசகின கையோடு கடைக்குப் போய் நிற்கிறாயா? உன்னைத் தெரியாதா எனக்கு.

அப்பா எழுதியதைப் படித்து ஒரே சிரிப்பு. ஒரு ரெக்கார்டு கேட்டு வருகிற ஆளை அரை மணி நேரம் நிறுத்திவைத்து அவனுக்கு வேறு மூன்றை விற்று அனுப்புகிறவள் நீ. ஏணியைப் பற்றி "டிரம்ஸ் பலமாக இருக்கிறது" என்று முடித்திருக்கவே மாட்டாய். மஞ்சள் விலகியதைச் சொன்னது நீயா, அச்சு இயந்திரத்தோடு காலம் தள்ளின மனுஷரா? அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளிதழுக்குச் செய்தி சுருக்குவது போல அம்மாவைச் சுருக்க வேண்டாம். உளறினால் உளறினபடியே எழுதுங்கள்.

அடுத்தது நீல நாற்காலி. கடிதத்தின் கீழே இடது கையாலாவது ஒரு கிறுக்கல் போடம்மா. கோழி கிளறினது போல இருந்தாலும் பரவாயில்லை.

உன் மகள்


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு ஆசிகள்.

இங்கு சுகம். நீ கேட்டபடி சுருக்காமல் எழுதுகிறேன்.

நீல நாற்காலியின் முதல் பக்கம் ஆரம்பிக்கும்போது பேஸ் கிதார் மட்டும் மெதுவாக வருகிறது. காகிதம் ஏற்றுவதற்கு முன்னால் இயந்திரத்தைச் சும்மா ஓட்டிப் பார்ப்போம். அந்த மாதிரி. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு பியானோவும் ஒரு மனிதனும் மட்டும். அவன் யாரையோ கூப்பிடுகிறான். பதில் இல்லை. கொஞ்ச நேரம் பியானோ மட்டும். மறுபடி கூப்பிடுகிறான். மூன்றாவது முறை குரல் கம்மிவிடுகிறது. அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்த பாட்டு இதுதான் என்று சொல்லச் சொன்னாள்.

கையெழுத்து வாங்கப் பார்த்தேன். தூங்கிவிட்டாள்.

ஒரு சந்தேகம். ஊசியில் பஞ்சு போலத் தூசி சேர்ந்து பாட்டு கரகரக்கிறது. அதை எதைக் கொண்டு துடைக்க வேண்டும்? துணியா, தண்ணீர் படலாமா? மறக்காமல் எழுது.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பா,

நான் நலம். இந்த முறை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீல நாற்காலியைப் பற்றி வந்ததை அப்படியே வாசித்தேன். நிகழ்ச்சி முடிவதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. இரவு வேலை பார்க்கும் ஒரு செவிலிப் பெண் உங்கள் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றாள். எங்கள் தயாரிப்பாளர் யாரையும் புகழாத மனிதர். அவரே வந்து, அம்மா இன்னும் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கடைசிப் பாட்டை அம்மா கேட்கவே மாட்டாள். அது ஆரம்பிக்கும் முன்பே ஊசியை எடுத்துவிடுவாள். "இது ஒரு துக்க வீடு, நமக்கு வேணாம்" என்பாள். அது எப்படி எல்லாவற்றிலும் பிடித்த பாட்டானது? ஊசியைத் துடைப்பது எப்படி என்று, அதை வருஷக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருப்பவள் பக்கத்து அறையில் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? மருத்துவமனையில் இருக்கிறாளா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

மகள்

(மெல்லிய தூரிகையால், பின்னாலிருந்து முன்னால். தண்ணீர் வேண்டாம்.)


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு ஆசிகள்.

அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இது சத்தியம். கை சரியாகிவிட்டது. கடையில் இப்போது கேசட் விற்பனை கூடியிருப்பதால் அவளுக்கு வேலை அதிகம், எழுத நேரம் இல்லை. வயது ஆக ஆக மனிதருக்கு ருசி மாறும். பாட்டுக்கும் அப்படித்தான்.

கோட்டுக்காரனைப் பற்றி. அட்டையில் முகம் தெரியாமல் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, பாடுகிறவனும் அவன்தான் என்று நினைக்கிறேன். இரவு வேலை முடித்து வெளியே வந்தவன், விடிந்துவிட்டது என்று பார்த்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலிலேயே நிற்பது போல அவன் பாடுகிறான். வீட்டுக்குப் போனால் எல்லோரும் எழுந்து நடமாடும் நேரம். அவன் படுக்கும் நேரம். அவன் போனதும் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் உரக்கப் பாடுவதில்லை.

தூரிகை வாங்கினேன். இப்போது கரகரப்பு இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

அப்பா


ஏப்ரல் 9

என் குட்டிக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. என்னைப் பற்றிக் கேட்டால், பெரியம்மா வீட்டு மாடி அறையில், தின்று தூங்கி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் டிசம்பர் கடைசியில் வீட்டை விட்டு வந்துவிட்டதை அப்பா எழுதியிருப்பார். கிளம்பும்போது அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவ்வளவு நாளா இந்த வீட்டுல நல்லது கெட்டது எல்லாத்தையும் அவளுக்கு நான்தான் சொன்னேன். இதையாவது நீங்க சொல்லுங்க." தலையாட்டினார். அதனால் நான் எழுதவில்லை. பிறகு உன் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். தபால்காரர் கடைக்குள் நுழையும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துகொள்வேன். விலைப் பட்டியல்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

அடிச்சாரா, திட்டினாரா என்று பெரியம்மா கேட்கிறாள். பாட்டை நிறுத்து என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எழுந்து வந்து அறை வாசலில் நிற்பார். நான் குறைத்துவிடுவேன். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் நிற்கிற மனுஷர், பகலில் தூங்க வேண்டாமா, நியாயம்தானே என்று இருந்தேன். ஓய்வு பெற்றதும், இனி என்ன என்று ஒரு சாயங்காலம் சத்தமாக வைத்தேன். வந்து நின்றார். என் கை தானாகப் போய்க் குறைத்துவிட்டது. நான் நினைக்கக்கூட இல்லை, அதற்குள் போய்விட்டது. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

இது ஒரு காரணமா என்று நீ நினைக்கலாம். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. நீ அப்பா பக்கம் பேசினாலும் சரி, கோபமாகவாவது நாலு வரி எழுது. இந்த மௌனம்தான் தாங்கவில்லை.

அம்மா


ஏப்ரல் 24

என் அம்மாவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அந்தக் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

எனக்கு எதுவும் தெரியாது அம்மா. நீ கிளம்பினது, பெரியம்மா வீடு, எதுவும். ஜனவரியிலிருந்து நான் உனக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், வீட்டு முகவரிக்கு. நீ குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாய், எழுத முடியவில்லை, நீ சொல்வதைத் தான் எழுதுவதாக அப்பா எழுதினார். இடது கையாலாவது ஒரு கிறுக்கல் போடு என்றுகூட உன்னைக் கேட்டு எழுதினேன். நான் அதை நம்பி வானொலியில் "என் அம்மா சொல்வது" என்று ஊருக்கெல்லாம் வாசித்தேன். அந்தக் கடிதங்களை இதோடு அனுப்புகிறேன். அவை உன் பெயரில் வந்தவை, உன்னிடம் இருக்கட்டும்.

நீ போனது சரியா தவறா என்று கேட்காதே. ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததை ஒரு விளையாட்டாகத்தான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இனி அதைச் சொல்ல வராது.

சாப்பிடு. மாடி அறையில் காற்று வருகிறதா என்று எழுது.

உன் குட்டி


ஏப்ரல் 24

அப்பா,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

"இங்கு எல்லோரும் சுகம்" என்று எழுதினீர்கள். எல்லோரும் என்றால் யார்? நான் வெறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா இத்தனை மாதமும் தபாலுக்குக் காத்திருந்திருக்கிறாள். அவளை வதைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நினைக்காமலேயே செய்துவிட்டீர்கள். அறை வாசலில் நீங்கள் வந்து நின்றதையும் அவள் பாட்டைக் குறைத்ததையும் எனக்கு எழுதியிருக்கிறாள்.

நிகழ்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பேச்சுக்காகத்தானாம்.

மகள்


மே 12

என் குட்டிக்கு,

காற்று நன்றாக வருகிறது. சாப்பிடுகிறேன். உன் உறையைக் கடையிலேயே பிரித்தேன். படித்துவிட்டுக் கல்லாவில் நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ எழுதாமல் இருக்கவில்லை என்று தெரிந்ததே போதும். இடது கையால் கிறுக்கச் சொன்னாயே, அந்த இடத்தை நாலு முறை படித்தேன்.

மற்றதைச் சொல்கிறேன். மஞ்சள் விலகியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சலாக வந்தது. பிறகு கோட்டுக்காரன். அந்த ரெக்கார்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன், எத்தனை பேருக்கு விற்றிருப்பேன். அவன் ஏன் உரக்கப் பாடுவதில்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன் மாறிட்டாரு, கிளம்பிப் போ" என்றாள். எனக்கு வந்தது ஆத்திரம். இசை புரியாத மனுஷர், பாவம், அவரைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்துத்தான் இத்தனை காலமும் மன்னித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காது இருந்திருக்கிறதே. நான் அங்கே இருக்கும்போது, ஒரு நாள், ஒரே ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

துக்க வீடு என்று நான் ஊசியை எடுத்த பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காமல் எடுக்கவில்லை. அது அடங்கின பாட்டு. சத்தம் கூட்டினால்தான் காதில் விழும். கூட்ட முடியாததால் உனக்கு ஒரு சாக்குச் சொல்லி எடுத்துவிடுவேன். கடையில், ஆள் இல்லாத நேரத்தில், பலமுறை வைத்துக் கேட்டிருக்கிறேன். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பாட்டு அதுதான். அவர் அதை எப்படிப் பிடித்தார் என்று தெரியவில்லை. அதுவும் கோபமாகத்தான் வருகிறது.

உன் நிகழ்ச்சிக்கு இனி நானே எழுதுகிறேன். மெல்லிய உடுப்போடு குளிரில் அலையாதே.

அம்மா


மே 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாளாகிவிட்டது. நான் சுகம். நான் மட்டும்தான் இங்கு இருக்கிறேன்.

ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வாரம் என்று. உனக்கு எழுதிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று தோன்றியது. அச்சில் ஏறினது ஏறினதுதான் என்பது எங்கள் தொழில் புத்தி. அவள் உன் கடிதத்துக்குக் காத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அறை வாசலில் போய் நின்றதைப் பற்றி. பல நாள் தூக்கம் கெட்டுத்தான் போய் நின்றேன். சில நாள் அப்படி இல்லை. கேட்கத்தான் போனேன். நான் போனதும் அவள் குறைத்துவிடுவாள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. இதை அவள் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை.

ரெக்கார்டுகளையும் பிளேயரையும் அவளிடமே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். இதை உன்னைக் கேட்டுச் செய்யக்கூடாது என்பதால் கேட்கவில்லை.

அப்பா


ஜூன் 8

என் குட்டிக்கு,

இங்கே நல்ல வெயில். நீ எப்படி இருக்கிறாய், மூக்கு சரியாகிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வந்தார். ஒரு வாடகை வண்டியில் பிளேயர், ஸ்பீக்கர், ரெக்கார்டுகள் எல்லாம். வண்டிக்காரன் மாடி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அந்த முழங்காலோடு அவரே ஒவ்வொன்றாகச் சுமந்து ஏறினார். நான் உதவிக்குப் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர் எல்லாம் அவரே மாட்டினார். ரெக்கார்டுகளை நான் அடுக்கும் வரிசையிலேயே அடுக்கியிருந்தார்.

நானே நீல நாற்காலியை எடுத்து இரண்டாம் பக்கத்தை வைத்தேன். எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும் உனக்கு எழுதினதை எனக்கும் சொன்னார். சில நாள் கேட்கத்தான் வந்து நின்றதாக. நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. "அப்போ உள்ள வந்திருக்கலாமே" என்றேன். ரெக்கார்டை எடுத்து உறைக்குள் போட்டார்.

பிறகு, "வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். ஆனால் யோசித்தாலும் அதுதான். எனக்கு இந்த அறை பிடித்திருக்கிறது. பெரியம்மா திட்டத் திட்டப் பாட்டு வைக்கிறேன்.

சரி என்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தார். யார் கிளம்பினாலும் "போ" என்று சொல்லிப் பழகாத வாய் இது. "போயிட்டு வாங்க" என்று வந்துவிட்டது.

பாதிப் படியில் நின்றுவிட்டார். திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் பழக்கத்தில் சொன்னது, வேறு அர்த்தம் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியாது.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா